வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கும் நடப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி இதுதான்: வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு "நடப்பவர்" என்று பொருளா? அப்படியென்றால் யார், எங்கே நடந்தார்கள்? அந்தப் பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். வாக்கர் ஒரு தொழில்பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்து, கொழுப்பை நீக்கி, இறுக்கமான துணியாக மாற்றிக் கொடுத்தவரை வட இங்கிலாந்திலும் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் அப்படி அழைத்தார்கள். எல்லா வாக்கர்களும் ஒரே வம்சம் இல்லை. அதற்குப் பக்கத்தில்கூட வராது. இனி விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஒரு பெயருக்குள் இடைக்கால இங்கிலாந்தின் பெரிய தொழில் ஒன்றின் கதையே இருக்கிறது.

பருத்தி உடுத்திய நமக்கு இந்த வேலை அவ்வளவு பழக்கமில்லை. நெய்து முடித்த கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. இழைகளுக்கு நடுவில் இடைவெளி தெரியும். ஆட்டு ரோமத்தில் இயல்பாக இருக்கும் கொழுப்பும், நூற்பதற்கு வசதியாகத் தடவிய எண்ணெயும் அதில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதை ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீரோடு ஒருவகைக் களிமண்ணையோ, நாள்பட்ட மனித மூத்திரத்தையோ ஊற்றி, ஆட்கள் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மூத்திரம் நாள்பட்டால் அதில் அமோனியா உண்டாகும். கொழுப்பை அறுக்க அது நல்ல மருந்து. வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்கள். ரோமானியர் காலத்திலேயே இந்தப் பழக்கம் இருந்தது. பாம்பேயி நகரின் இடிபாடுகளில் இந்தத் தொழிலுக்கான கூடங்கள் தொட்டிகளோடு கிடைத்திருக்கின்றன. பேரரசர் வெஸ்பாசியன் மூத்திரத்துக்கு வரி போட்ட கதையும் இந்தத் தொழிலை ஒட்டியதுதான்.

மிதிப்பதால் அழுக்கு போவது பாதி வேலை. மீதிப் பாதி இன்னும் முக்கியம். கம்பளி இழையின் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேரும்போது ஒரு இழையின் செதில் அடுத்த இழையில் மாட்டிக்கொண்டு பின்னிவிடும். வெந்நீரில் துவைத்த கம்பளி ஸ்வெட்டர் குழந்தை சைஸுக்குச் சுருங்கிப் போவதும் இதே காரணத்தால்தான். வீட்டில் நடந்தால் நஷ்டம், அந்தத் தொழிலில் அதுவே நோக்கம். துணி சுருங்கும், தடிக்கும், நெசவின் வரிகூடத் தெரியாத அளவுக்கு இறுகும், காற்றையும் மழையையும் தாங்கும். இங்கிலாந்தில் அகலத் துணி என்று பேர் பெற்ற உயர்ரகக் கம்பளியை, இப்படிச் சுருங்கும் என்று கணக்குப் போட்டே பெரிய தறியில் கூடுதல் அகலமாக நெய்தார்கள். சுருங்கியதை நேராக்க, வெட்டவெளியில் நீளமான மரச்சட்டங்களை நட்டு, ஓரங்களைக் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். என்ன நடக்குமோ என்று ஒருவர் பதைத்துக்கொண்டிருந்தால் ஆங்கிலத்தில் அவர் "டென்டர்ஹுக்ஸ்" மேல் இருக்கிறார் என்பார்கள். அந்தக் கொக்கிகள்தான் இவை.

களிமண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் முகத்துக்குப் பூசும் முல்தானி மெட்டி பாக்கெட்டில் "ஃபுல்லர்ஸ் எர்த்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகத்தில் எண்ணெயை உறிஞ்சும் அதே குணத்துக்காகத்தான் அந்த வகை மண்ணைக் கம்பளித் தொட்டியில் போட்டார்கள். ஃபுல்லர் என்பது இதே தொழிலாளிக்குத் தென்கிழக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர். சர்ரேயில் நட்ஃபீல்டு, பெட்ஃபோர்டுஷயரில் வோபர்ன் போன்ற இடங்களில் இந்த மண் தோண்டப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே இங்கிலாந்து தடை செய்து வைத்திருந்தது. போட்டி நாடுகளின் நெசவாளர்களுக்கு நல்ல மண் கிடைத்துவிடக் கூடாது என்ற எண்ணம்.

இப்போது பெயருக்கு வருவோம். "துணியின் மேல் நடந்தார்கள், அதனால் வாக்கர்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரிசை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066இல் நார்மன்கள் வருவதற்கு முன்னால் பேசிய மொழியில், "வெயல்கன்" என்ற வினைச்சொல் இருந்தது. உருட்டுவது, புரட்டுவது, அலைபோல அங்குமிங்கும் தள்ளுவது என்று பொருள். அதிலிருந்து வந்த "வெயல்கெரே" என்ற பெயர்ச்சொல் அப்போதே துணி மிதிப்பவரைக் குறித்தது. லத்தீன் சொற்களுக்கு எழுதிய பழைய ஆங்கில உரைக் குறிப்புகளில் "ஃபுல்லோ" என்ற தொழில்பெயருக்கு இணையாக அது வருகிறது. நடப்பதற்கு அன்றைக்கு "கங்கன்", "ஸ்டெப்பன்" என்று வேறு சொற்கள் இருந்தன. "வெயல்கன்" வழிவந்த சொல் 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் மெல்ல மெல்ல "அங்குமிங்கும் திரிவது", பிறகு "கால்நடையாகப் போவது" என்று மாறி இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. தொழிலாளியின் பெயர் மூத்தது, நடை என்ற பொருள் இளையது. கால்களால் மிதித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் துணியை உருட்டிப் புரட்டிய வேலையிலிருந்து வந்தது.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் பக்கத்து மொழிகளைப் பார்க்கலாம். ஜெர்மனில் "வால்கன்" என்றால் இன்றும் கம்பளியை அடித்து இறுக்குவதுதான். ஜெர்மன் ஊர்களில் வால்க்மூலே என்ற இடப்பெயரும், வால்கர் என்ற குடும்பப் பெயரும் உண்டு. ஜெர்மானியக் குழுக்கள் வழியாக இந்தச் சொல் இத்தாலிக்கும் போய், அங்கே துணி இறுக்கும் ஆலைக்கு "குவால்கியேரா" என்று பெயரானது. பிளாரன்ஸ் நகரின் கம்பளித் தொழிலுக்காக ஆர்னோ ஆற்றங்கரையில் இருந்த ஆலைகளுக்கு அதே பெயர். நடை என்ற பொருள் அங்கெல்லாம் இல்லை, துணி மட்டும்தான் இருக்கிறது.

ஒரே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர், அது லத்தீன் "ஃபுல்லோ" வழியாக வந்து, நார்மன்களின் பிரெஞ்சுச் சொல்லால் வலுப்பெற்றது. டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் டக்கர். இதன் மூலச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் "வதைப்பது" என்ற பொருள் உண்டு. துணியைப் படுத்திய பாட்டை நினைத்தால் பொருத்தம்தான். டெவனில் எக்ஸிடர் நகரத்தில் டக்கர்ஸ் ஹால் என்ற கட்டடம் இன்றும் நிற்கிறது. 1471இல் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் கத்தரிப்பவர்களும் சேர்ந்த சங்கத்துக்காகக் கட்டியது. இன்றைக்கும் பிரிட்டனின் வரைபடத்தில் இந்த மூன்று குடும்பப் பெயர்களையும் குறித்துப் பார்த்தால் பழைய வட்டார வழக்கின் எல்லைகள் ஓரளவு தெரியும். எழுநூறு ஆண்டு இடப்பெயர்ச்சிக்குப் பிறகும் அது முழுதாக அழியவில்லை. குடும்பப் பெயர்களை வெறும் வம்சாவளி விஷயமாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பேச்சு வழக்கின் வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கடினம்.

கம்பளித் தொழில் இன்னும் எத்தனையோ பெயர்களைக் கொடுத்திருக்கிறது. வெப், வெபர், வெப்ஸ்டர், வீவர் எல்லாம் நெசவாளர்கள். லிஸ்டரும் டையரும் சாயம் போட்டவர்கள். இறுக்கிய துணியின் மேல் துருத்திய ரோமத்தைப் பெரிய கத்தரியால் சமமாக வெட்டியவர் ஷெர்மன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜார்ஜியாவைக் கடந்துபோன தளபதியின் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கத்தரிதான். ஒரு நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அதன் டெலிபோன் டைரக்டரியே சொல்லிவிடும்.

சரி, கால்களால் மிதிப்பது எப்போது நின்றது? 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தண்ணீர்ச் சக்கரம் வந்துவிட்டது. சக்கரம் சுற்றும்போது கனமான மரச் சம்மட்டிகள் ஏறி இறங்கித் தொட்டியிலுள்ள துணியை இடிக்கும். டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவ வீரத்துறவிகள் 1185இல் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்‌ஷயரில் நியூஷமிலும் கிளாஸ்டர்ஷயரில் பார்ட்டனிலும் இப்படிப்பட்ட ஆலைகள் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. வரலாற்றாசிரியர் எலினோரா காரஸ்-வில்சன் 1941இல் எழுதிய கட்டுரையில் இதை 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே அழைத்தார். அந்த அளவுக்குப் போகலாமா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் கம்பளி நெசவின் படிகளில் முதலில் இயந்திரமயமானது இதுதான் என்பதில் சந்தேகமில்லை. நூற்பும் நெசவும் இயந்திரத்துக்குப் போக இன்னும் ஆறு நூற்றாண்டு ஆனது.

ஆலை வந்தால் ஆலைக்குச் சொந்தக்காரர் வருவார். பிரபுக்களும் மடங்களும் ஆலையைக் கட்டிவிட்டு, "இனி எல்லாரும் இங்கேதான் துணியைக் கொண்டுவர வேண்டும், கட்டணம் கொடுக்க வேண்டும்" என்று சொன்னார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மக்கள் அதை ஏற்காமல் வீட்டிலேயே மிதித்துக்கொண்டார்கள். 1274இல் மடாதிபதியின் ஆட்கள் துணிகளைப் பறிமுதல் செய்ய, ஊரார் பணம் திரட்டி வழக்காடினார்கள். அந்தப் பக்கம் வந்த எலினார் அரசியிடமும் முறையிட்டார்கள். கடைசியில் தீர்ப்பு மடாதிபதிக்கே சாதகமாக வந்தது. கால்களால் மிதிப்பது ஒரு உரிமைப் போராட்டமாக இருந்த காலமும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த ஆலைகளின் தடம் ஊர்ப் பெயர்களிலும் இருக்கிறது. வடக்கில் வாக் மில், ஸ்காட்லாந்தில் வால்க்மில், தென்மேற்கில் டக்கிங் மில். வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் பாண்டி என்று பெயர். 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பேர் பெற்ற டோனிபாண்டி ஊரின் பெயரிலுள்ள பாண்டி அதுதான். வேலை முழுவதும் இயந்திரத்துக்குப் போய்விட்டதா என்றால் அப்படியும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் ஒரு நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளியைத் தாளத்தோடு அடித்துப் பாடிக்கொண்டே இறுக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. அந்தப் பாட்டுகள் கேலிக் மொழியின் பெரிய வாய்மொழிச் சொத்து.

தொழில்பெயர் எப்போது குடும்பப் பெயரானது என்று கேட்டால் ஒரு தேதி சொல்ல முடியாது. நார்மன் நிலக்கிழார்கள்தான் பரம்பரைப் பெயரை இங்கிலாந்தில் பழக்கினார்கள். சாதாரண மக்களிடம் அது 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தெற்கிலிருந்து வடக்காகப் பரவியது. ஆரம்பத்தில் "ராபர்ட் லெ வாக்கர்" என்று எழுதினால் அந்த ராபர்ட்டே துணி மிதிப்பவர் என்று பொருள். அவருடைய மகன் தச்சு வேலைக்குப் போனால் பெயரும் மாறிவிடும். அப்புறம் ஒரு கட்டத்தில் மகன் என்ன வேலை செய்தாலும் வாக்கர் என்றே எழுத ஆரம்பித்தார்கள். நிலத்தில் வாரிசுரிமை, நீதிமன்றம், வரி என்று எல்லாவற்றுக்கும் மாறாத பெயர் தேவைப்பட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருப்பதையே பார்க்கலாம். 1538இல் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு பெயர்கள் ஏறக்குறைய உறைந்துவிட்டன.

பழைய ஆவணங்களில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எழுத்தர்கள் லத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதினார்கள். ஊர் வாயில் வாக்கராக இருந்தவர் லத்தீன் ஏட்டில் ஃபுல்லோ ஆகியிருப்பார். ஏட்டில் இருப்பதை வைத்து அவர் எந்த வட்டாரப் பெயரால் அழைக்கப்பட்டார் என்று முடிவுகட்ட முடியாது.

எல்லா வாக்கரும் துணித் தொழிலிலிருந்துதான் வந்தார்களா? பெரும்பாலும் ஆம், சில விலக்குகள் உண்டு. நியூகாசிலுக்குப் பக்கத்தில் டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்றே ஓர் இடம் இருக்கிறது. ரோமானியரின் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கிருந்து போன சிலர் ஊர்ப்பெயரையே தாங்கியிருக்கலாம். அரசர் காட்டின் ஒரு பகுதியைச் சுற்றிக் காவல் பார்த்த அதிகாரிக்கும் வாக்கர் என்ற பெயர் உண்டு. ஆனால் அந்த வழக்கு குடும்பப் பெயர்கள் நிலைத்த பிறகே அதிகம் தென்படுகிறது. அதனால் அதற்குப் பெரிய இடம் கொடுக்க மாட்டேன். ஸ்காட்லாந்தின் மேற்கில் இன்னொரு வழி. "துணி மிதிப்பவரின் மகன்" என்ற பொருளில் மேக் அன் ஊக்கடெர் என்று கேலிக் மொழியில் பெயர் வைத்திருந்த குடும்பங்கள் பின்னால் அதை ஆங்கிலப்படுத்தி வாக்கர் ஆனார்கள்.

ஸ்காட்லாந்து என்றதும் விஸ்கி பாட்டில் நினைவுக்கு வரும். 1820இல் கில்மார்னக் ஊரில் மளிகைக்கடை தொடங்கிய ஜான் வாக்கர் என்பவரின் பெயர்தான் அதில் இருக்கிறது. கைத்தடியோடு விறுவிறுவென்று நடக்கும் கனவானை 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். உலகம் முழுக்க இந்தப் பெயரை நடையோடு முடிச்சுப் போட்டதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கில்மார்னக் கம்பளித் தொப்பிக்குப் பேர் போன ஊர், அந்தத் தொப்பிகளையும் இதே முறையில் இறுக்கித்தான் செய்தார்கள்.

நம் நாட்டோடு உண்மையான தொடர்புள்ள ஒரு வாக்கர் உண்டு. கில்பர்ட் வாக்கர், 1868இல் லங்காஷயரின் ராச்டேல் ஊரில் பிறந்தவர். ராச்டேல் கம்பளிக்குப் பேர் பெற்ற ஊர், வாக்கர் என்ற பெயரின் தாய்மண்ணும் அந்தப் பக்கம்தான். கணித மேதையான அவர் 1904இல் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்து 1924 வரை இருந்தார். பருவமழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா என்று உலகம் முழுவதிலுமிருந்து வானிலைக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதைக் கண்டுபிடித்து அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். எல் நினோ செய்தி வரும்போதெல்லாம் வானிலையாளர்கள் சொல்லும் வாக்கர் சுழற்சி இவர் பெயரால் ஆனது. 1969இல் யாக்கோப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி அந்தப் பெயரைச் சூட்டினார்.

இனி வம்சக் கேள்வி. ஆலையோ தொட்டியோ இருந்த ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கர் தனியாகத் தோன்றியிருப்பார். நூற்றுக்கணக்கான தொடக்கங்கள் ஒரே பெயரில் கலந்திருக்கின்றன. அதனால்தான் இங்கிலாந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் முதல் 20 பெயர்களுக்குள் அது வருகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் தந்தைவழியாக இறங்கும் ஒய் குரோமோசோமை வைத்துக் குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இங்கே உதவும். அட்டன்பரோ போன்ற அரிய பெயர் கொண்ட ஆண்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவர்கள். ஸ்மித் போன்ற தொழில்பெயரில் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை. வாக்கரும் ஸ்மித்தின் வகைதான்.

இங்கிலாந்தைத் தாண்டினால் பெயரும் ரத்தமும் இன்னும் விலகிவிடும். அமெரிக்காவில் அடிமைமுறையும் அதிலிருந்து விடுதலையும் ஆங்கிலப் பெயர்களை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் கொண்டுசேர்த்தன. 1829இல் பாஸ்டனில் அடிமைமுறைக்கு எதிராக அனல் பறக்கும் அறைகூவலை வெளியிட்ட டேவிட் வாக்கர், அடிமையாக இருந்த தந்தைக்கும் சுதந்திரமான தாய்க்கும் பிறந்தவர். 1867இல் லூசியானா தோட்டம் ஒன்றில் சாரா பிரீட்லவ் என்ற பெயரில் பிறந்து, கூந்தல் பராமரிப்புத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவருக்கு மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயர் கணவர் வழியாக வந்தது. அதே நாட்டில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பெயரின் நடுவில் நிற்பதும் வாக்கர்தான், அது அவருடைய தந்தையின் தாய்வழிக் குடும்பப் பெயர். ஆஸ்திரேலியப் பழங்குடிக் கவிஞர் கேத் வாக்கர், ஆங்கிலேயர் குடியேறி 200 ஆண்டானதைக் கொண்டாடிய 1988இல், அந்தப் பெயரை விட்டுவிட்டுத் தன் மக்களின் பெயரோடு ஊட்ஜெரூ நூனக்கல் ஆனார்.

ஆகவே வாக்கர் என்ற ஒருவரின் மூதாதையரைத் தேடுவதாக இருந்தால் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகாதீர்கள். தாத்தா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு தலைமுறையாகத் திருச்சபைப் பதிவேட்டில் ஊரை உறுதி செய்துகொண்டே போங்கள். அந்த ஊரில் ஓடையும், பக்கத்தில் வாக் மில் என்ற வயலோ சாலையோ இருந்தால், அங்கே தொடங்கலாம்.